அம்மாவின் கை, மாமாவின் கை

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எங்களுக்கு முக்கூடல் பக்கம். அம்மாவுக்கு 61 வயது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பீடி சுற்றுகிறாள். எட்டு மாதமாக வலது கை நடுங்குகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் அதிகம். முன்பு ஒரு நாளைக்கு 700 பீடி சுற்றுவாள். இப்போது 300 தாண்டவில்லை, சரியில்லை என்று கடையில் தள்ளிவிடும் கழிவும் கூடிவிட்டது. ஒரு டாக்டர் பார்க்கின்சன் என்று மாத்திரை எழுதினார். போட்டதும் ஒரே ஓங்கரிப்பு. அதற்கு ஒரு வாந்தி மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், அப்படியும் கேட்கவில்லை, நாலே நாளில் நிறுத்திவிட்டோம். இன்னொருவர் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, வயசானால் அப்படித்தான் என்கிறார். என் தாய்மாமாவுக்கும் இருபது வருடமாகக் கை நடுக்கம் உண்டு. டீ டம்ளரைப் பிடித்தால் சட்டையில் கொட்டும், தலையும் லேசாக ஆடும். அதனால் இது குடும்ப வியாதி என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி பூனைக்காலிப் பொடி கொடுக்கச் சொல்கிறார். அம்மாவுக்கு சுகர், பிரஷர் கிடையாது. கேஸ் மாத்திரையும் தலைசுற்றல் மாத்திரையும் மட்டும் ரொம்ப நாளாகப் போடுகிறாள். இதில் யார் சொல்வதை நம்புவது?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் திரும்பப் படித்த இடங்கள் இரண்டு. இரண்டுமே நடுக்கத்தைப் பற்றியவை இல்லை. 700 பீடி 300 ஆனது ஒன்று. கடைசியில் போகிறபோக்கில் சொன்னீர்களே, கேஸ் மாத்திரை, தலைசுற்றல் மாத்திரை, அது இன்னொன்று. மாமா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், மாமாவுக்கு இருப்பது பெரும்பாலும் பார்க்கின்சன் இல்லை. சும்மா இருக்கும்போது கை அமைதியாக இருக்கும். டம்ளரைத் தூக்கினால், கையெழுத்துப் போட்டால், ஊசியில் நூல் கோர்க்கப் போனால் ஆடும். இரண்டு கையிலும் இருக்கும், தலையும் குரலும்கூட ஆடலாம். வருடக்கணக்கில் மெதுவாகக் கூடும், ஆனால் ஆள் நடப்பார், வேலை பார்ப்பார், வேகம் குறையாது. இதைக் காரணம் தெரியாத இயல்பு நடுக்கம் என்கிறோம். இது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கும். சிலர் என்னிடம் வெட்கப்பட்டுக்கொண்டே சொல்வார்கள்: "ஒரு கட்டிங் போட்டா நடுக்கம் நின்னுருது டாக்டர்." பொய் இல்லை, பலருக்கு நிற்கும். ஆனால் போதை இறங்கியதும் முன்பைவிட மோசமாக ஆடும். அதை மருந்தாக்கிக்கொண்டவர்களின் கதையை நான் எழுத வேண்டியதில்லை, ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருப்பார். இதற்கென்றே புரொப்ரனலால், பிரிமிடோன் என்று மருந்துகள் உண்டு. இளைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் முதலாவது ஆகாது. மாமாவுக்கு இளைப்புக்கு மாத்திரையோ இன்ஹேலரோ ஓடுகிறதா என்றும் கேளுங்கள், அவையும் கையை ஆட்டும். தைராய்டு அதிகமானாலும் ஆடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அம்மாவின் கதை வேறு. ஒரே கை. அதுவும் மடியில் சும்மா கிடக்கும்போது. வேலைக்கு எடுத்ததும் நின்றுவிடுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் நிற்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் பாடப்புத்தகங்களில் இந்த நடுக்கத்தை 'மாத்திரை உருட்டுவது' என்பார்கள். அந்தக் காலத்து மருந்துக்கடைக்காரர் மருந்து உருண்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டுவாராம், அதைப் பார்த்து வைத்த பெயர். நான் படித்து முடித்து இந்த ஊரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அது சரியாக விளங்கியது. வரிசையில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் சுளகு இல்லை, இலை இல்லை, தூளும் இல்லை. விரல் மட்டும் பீடி சுற்றிக்கொண்டிருந்தது, ஒரு வினாடிக்கு நாலைந்து தடவை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து பையை எடுத்தார், விரல் நின்றுவிட்டது. நாற்காலியில் வந்து உட்கார்ந்து, மகள் பேச ஆரம்பித்ததும் மறுபடி சுற்றத் தொடங்கியது.

ஆனால் அந்த விரலை மட்டும் பார்த்துவிட்டுப் பெயர் வைத்தால் தவறிவிடும். 1817ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் ஆறு பேரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் சிலரை அவர் தெருவில் போகும்போது பார்த்ததோடு சரி. அவர் அதற்கு 'நடுக்கும் வாதம்' என்று பெயர் வைத்தார். நம் சித்த வைத்தியத்திலும் நடுக்குவாதம் என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு பெயரும் நடுக்கத்தைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டன. அதனால் கை ஆடுகிற எல்லாருக்கும் இந்த வியாதி என்று ஒரு கூட்டம் பயப்படுகிறது. கை ஆடாமலே வியாதி வந்தவர்கள், அவர்களும் கணிசமானவர்கள், தோள் வலி, மூட்டு வலி, வயசு என்று வருடக்கணக்கில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாங்கள் முதலில் தேடுவது வேகக்குறைவை. அது இல்லாமல் பார்க்கின்சன் கிடையாது. அதோடு நடுக்கமோ, கையை மடக்கி நீட்டினால் ஈயக்குழாயை வளைப்பதுபோல இறுக்கமோ கூட இருக்க வேண்டும். வேகக்குறைவு என்றால் மெதுவாக வேலை செய்வது மட்டும் இல்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக அகல விரித்து, வேகமாகத் தட்டச் சொல்வேன். முதல் நாலைந்து தட்டு நன்றாக இருக்கும். அப்புறம் விரிவது குறைந்துகொண்டே வரும், நடுவில் ஒன்று தடுக்கும், கடைசியில் விரல்கள் ஒட்டிக்கொண்டு துடிப்பதுபோல ஆகிவிடும். எழுதச் சொன்னால் வரியின் தொடக்கத்தில் பெரிதாக இருக்கும் எழுத்து முடிவில் கடுகாகச் சிறுத்துவிடும். மாமாவை எழுதச் சொல்லிப் பாருங்கள், எழுத்து கோணும், பெரிதாகப் போகும், சிறுக்காது.

உங்கள் அம்மாவுக்கு இந்தப் பரிசோதனையை நான் செய்யவில்லை, பீடி செய்திருக்கிறது. இலையைச் சுருட்டி, தூள் சிந்தாமல் பிடித்து, நுனியை மடக்கி, நூல் கட்டுவது என்பது விரலுக்கு எவ்வளவு நுணுக்கமான வேலை! நாற்பது வருடம் கை பழகிய ஒருவருக்கு எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கி, கழிவும் கூடியிருக்கிறது என்றால், வலது கையில் வேகக்குறைவு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். வயசானால் அப்படித்தான் என்று சொன்னவரோடு எனக்கு ஒப்புதல் இல்லை. வயசு ஒரு கையை மட்டும் பிடித்து இழுக்காது.

அப்படியானால் பார்க்கின்சன்தானா? இங்கேதான் அந்த இரண்டு மாத்திரைகளும் வருகின்றன.

பார்க்கின்சன் நோயில் மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. நடுக்கம் வெளியே தெரியும்போது அதில் பெரும்பங்கு போயிருக்கும். சில மாத்திரைகள் செல்லை அழிக்காமலே அதே விளைவைக் கொண்டுவரும். டோபமின் போய் உட்கார வேண்டிய இடத்தை இவை அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம், அதே மெதுவான நடை, அதே உணர்ச்சி காட்டாத முகம், சில நேரம் அதே நடுக்கம். மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்றவை இப்படிச் செய்யும் என்று எல்லா மருத்துவருக்கும் தெரியும். மறந்துபோகிற இடம் வயிறும் தலைசுற்றலும்தான். கடையில் கேஸ் மாத்திரை என்று வாங்குவதில் பல, பான்டோபிரசோலோ ரபிபிரசோலோ கூட லெவோசல்பிரைடு சேர்ந்த கூட்டு மாத்திரைகள். பட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். தலைசுற்றலுக்கு சின்னரிசின், புரோகுளோர்பெரசின், ஒற்றைத் தலைவலிக்கு ஃபுளுனரிசின். நாலைந்து நாள் போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் போடும்போதுதான் சிக்கல். வயதான பெண்களுக்கு இது அதிகம் வருகிறது.

நானே இதில் ஒரு முறை தவறியிருக்கிறேன். ஒரு பாட்டிக்கு எல்லாக் குறியும் பொருந்தி வந்தது. மருந்து எழுதி அனுப்பினேன், ஆறு மாதம் அளவைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன், ஒன்றும் நகரவில்லை. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்காமல் இல்லை. "ஒண்ணும் இல்ல" என்றார்கள், நம்பிவிட்டேன். ஒரு நாள் பேரன் மஞ்சப்பையை மேசைமேல் கவிழ்த்தபோது என் மருந்தோடு இன்னொரு பட்டை விழுந்தது. "இது மாத்திரை இல்ல டாக்டர், கேஸுக்குப் போடுறது" என்றார் பாட்டி. லெவோசல்பிரைடு. இரண்டு வருடமாகத் தினமும் காலையில். அதை நிறுத்தி நாலு மாதத்தில் பாட்டி தானாக எழுந்து கொல்லைக்குப் போனார். அன்றிலிருந்து நான் வாயால் கேட்பதில்லை, பையைக் கவிழ்க்கச் சொல்கிறேன்.

உங்கள் விஷயத்தில் ஒரு வசதி உண்டு, மற்றவர்களுக்குக் கிடைக்காத வசதி. பீடிக்கடையில் கொடுத்த எண்ணிக்கை அம்மாவின் புத்தகத்தில் வாரம் வாரம் பதிந்திருக்கும். மருந்துச் சீட்டுகளையும் வைத்திருப்பீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணிக்கை எந்த மாதம் இறங்க ஆரம்பித்தது? கேஸ் மாத்திரை எந்த மாதம் தொடங்கியது? மாத்திரை தொடங்கிய சில மாதத்துக்குள் மளமளவென்று இறங்கியிருந்தால் மாத்திரைமேல் சந்தேகம் வலுக்கும். மாத்திரைக்கு முன்பே மெல்ல மெல்ல இறங்கிவந்திருந்தால் வேறு கணக்கு. எனக்கு எட்டு மாத நடுக்கத்தைவிட அந்தப் புத்தகத்தின் மூன்று வருடப் பக்கங்கள் உதவும்.

ஒரு கையில் மட்டும் இருப்பது உண்மையான பார்க்கின்சன் பக்கமாகவே தராசைச் சாய்க்கிறது. மருந்தால் வருவது பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றாக வரும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், விதிவிலக்கு நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னும் சில விஷயங்களை வீட்டில் விசாரியுங்கள். நாலைந்து வருடமாக மலச்சிக்கல் உண்டா? கருவாடு வறுத்தால் வாசம் தெரிகிறதா, தாளிப்பு கருகினாலும் தெரியாமல் நிற்கிறாரா? தூக்கத்தில் கனவு கண்டு கத்துவது, கையை வீசுவது, பக்கத்தில் படுத்தவரை உதைப்பது உண்டா? கடைசிக் கேள்வியை அப்பாவிடம் தனியாகக் கேளுங்கள். இவை நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே தலைகாட்டும். மருந்தால் வந்த தொந்தரவில் வாசனை பெரும்பாலும் கெடுவதில்லை.

கேஸ் மாத்திரையையும் தலைசுற்றல் மாத்திரையையும் எழுதிக்கொடுத்தவரிடம் போய், கை நடுங்குகிறது, டோபமினைத் தடுக்காத மாத்திரையாக மாற்றித் தாருங்கள் என்று கேளுங்கள். மாற்றிய பிறகு சில வாரத்திலேயே தெளிவு வரலாம், ஆறு மாதம் வரையும் பிடிக்கலாம். சிலருக்கு ஓரளவு குறைந்து மறுபடி வரும். அவர்களுக்கு உள்ளே மெதுவாக வந்துகொண்டிருந்த பார்க்கின்சனை மாத்திரை முன்கூட்டியே வெளியே கொண்டுவந்துவிட்டது என்று பொருள். இதைப் படிக்கிற வேறு யாருக்காவது ஒரு வார்த்தை: மனநோய்க்கான மாத்திரையை இந்தக் கட்டுரையைக் காட்டி நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது வேறு ஆபத்து.

அப்புறம் அந்த ஓங்கரிப்பு. முதல் டாக்டர் கொடுத்தது லெவோடோபாவாக இருக்கும், மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிற மருந்து. தொடக்கத்தில் குமட்டுவது சகஜம். சிறிய அளவில் ஆரம்பித்து, சாப்பிட்ட கையோடு போட்டால் பலருக்குப் பழகிவிடும். நாலு நாள் போட்டதை வைத்து மருந்து கேட்டது, கேட்கவில்லை என்று எதுவும் சொல்ல முடியாது. அளவைக் கூட்டிச் சில வாரம் பார்த்தால்தான் தெரியும். நீங்கள் வாங்கிய வாந்தி மாத்திரை எது என்று பாருங்கள். மெட்டோகுளோபிரமைடு என்று இருந்தால், ஒரு பக்கம் டோபமினைக் கொடுத்துக்கொண்டே இன்னொரு பக்கம் அது போகும் வாசலை அடைத்திருக்கிறீர்கள். இந்த நோயாளிகளுக்கு வாந்தி நிற்க டாம்பெரிடோன் கொடுப்போம், அது மூளைக்குள் அவ்வளவாகப் போவதில்லை. இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் யோசித்துக் கொடுக்க வேண்டும்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதால் பார்க்கின்சன் இல்லை என்று ஆகிவிடாது. சாதாரண எம்.ஆர்.ஐ.யில் பார்க்கின்சன் தெரியாது. ரத்தக்குழாய் அடைப்பு, கட்டி, நீர்கோப்பு இல்லை என்று உறுதிசெய்யத்தான் எடுக்கிறோம். டோபமின் சுரக்கும் நரம்பு முனைகளைக் காட்டுகிற தனி ஸ்கேன் பெரிய ஊர்களில் உண்டு. மாமா மாதிரி நடுக்கமா, பார்க்கின்சனா என்று பிரிக்க அது உதவும், மாத்திரையால் வந்ததைப் பிரிக்கவும் உதவும். ஆனால் இப்போதே அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். பையைக் கவிழ்ப்பதற்குக் காசு வேண்டியதில்லை.

பார்க்கின்சன் மாதிரியே வந்து ஏமாற்றும் இன்னும் சில நோய்கள் உண்டு. உங்கள் அம்மாவுக்கு அவற்றின் அறிகுறி எதையும் நீங்கள் எழுதவில்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். சேரன்மகாதேவி பக்கமிருந்து ஒரு பெரியவரைக் கூட்டிவந்தார்கள். ஆற்றுக்குக் குளிக்கப் போனவர் படித்துறையில் மூன்று தடவை மல்லாக்க விழுந்திருக்கிறார், நோய் தொடங்கிய முதல் வருடத்திலேயே. சாப்பிட உட்கார்ந்தால் இலையில் பாதியைத் தொடாமல் எழுந்துவிடுகிறார், கூட்டு பிடிக்கவில்லை என்று மருமகள் நினைத்திருக்கிறாள். அவரால் கண்ணைக் கீழே இறக்க முடியவில்லை, அதுதான் விஷயம். படியும் தெரியவில்லை, இலையும் தெரியவில்லை. அது பார்க்கின்சனுக்குப் பங்காளி நோய், மருந்து அவ்வளவாகக் கேட்காது. எழுந்து நின்றதும் பிரஷர் இறங்கி மயங்குவது, ஆரம்பத்திலேயே சிறுநீர் அடக்க முடியாமல் போவது, இல்லாத ஆள் நிற்பதாகப் பார்ப்பது, இடுப்புக்குக் கீழே மட்டும் கால் தரையில் ஒட்டிக்கொள்வது, இவையெல்லாம் வேறு வேறு நோய்களின் அடையாளம். அதில் தலைக்குள் நீர் சேர்ந்து வருவதை அறுவை சிகிச்சையில் சரிசெய்யும் வாய்ப்பு உண்டு, அதனால் தவறவிடக் கூடாது. இதே நடுக்கம் 40 வயதுக்குக் கீழே ஒருவருக்கு வந்தால் உடம்பில் செம்பு சேரும் வில்சன் நோயா என்று பார்க்காமல் நான் விடமாட்டேன், அதற்கும் மருந்து இருக்கிறது.

பூனைக்காலி சொன்ன ஆச்சியைக் கேலி செய்யமாட்டேன். அந்த விதையில் இருப்பது லெவோடோபாவேதான். 1937லேயே தாமோதரன், ராமசாமி என்ற நம் நாட்டு ஆய்வாளர்கள் இருவர் அதிலிருந்து பிரித்தெடுத்திருக்கிறார்கள். சிக்கல் அளவில்தான். ஒவ்வொரு பொடியிலும் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது, குமட்டலும் வரும். அம்மாவுக்கு என்ன நோய் என்று முடிவாகாதபோது அதைக் கொடுத்தால் எனக்கும் குழப்பம், உங்களுக்கும் குழப்பம். சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் காட்டி, அங்கே கொடுப்பதை என்னிடமும், நான் கொடுப்பதை அங்கேயும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி செய்ய வேண்டியது. அம்மாவை டி.வி. பார்க்க உட்காரவைத்து, கையை மடியில் போட்டு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் இருபதிலிருந்து தலைகீழாக எண்ணச் சொல்லுங்கள். மனசு கணக்கில் போனதும் கை தானாக ஆடும், அதை செல்போனில் படம்பிடியுங்கள். முற்றத்தில் நடக்கவிட்டு எடுங்கள், வலது கை வீசுகிறதா, உடம்போடு ஒட்டிக்கொள்கிறதா என்று தெரியும். இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி எடுங்கள். பார்க்கின்சன் நடுக்கம் கை நீட்டியதும் கொஞ்சம் நின்று, பத்து எண்ணுவதற்குள் மறுபடி கிளம்பும். மாமாவுக்கு நீட்டிய கணத்திலேயே ஆடும். பீடி சுற்றுவதையும் ஒரு இரண்டு நிமிடம் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் திருநெல்வேலி ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கோ, உங்களுக்கு வசதிப்பட்ட வேறு நரம்பியல் மருத்துவரிடமோ வாருங்கள். காலிப் பட்டைகள் உட்பட எல்லா மாத்திரையும், பீடிப் புத்தகமும் பையில் இருக்கட்டும். மாமாவையும் அதே பஸ்ஸில் கூட்டிவாருங்கள். அந்த ரத்தப் பரிசோதனை தவிர அவருக்குத் தனியாக வேறு பரிசோதனை வேண்டியதில்லை, வாசலில் ஒரு டீ வாங்கிக் கையில் கொடுங்கள், நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்கிறேன்.